காற்று உள்ளே, தண்ணீர் வெளியே

பழைய கார்களை வரிசையாக நிறுத்திவைக்கும் கண்காட்சிகளில் வண்டியின் முகத்துக்கு எதிரேதான் கூட்டம் அதிகம் நிற்கும். பித்தளைச் சட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான சிறு அறைகள், வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். குனிந்து ஓர் அறைக்குள் கண்ணை வைத்தால் மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். சில வண்டிகளில் பின்னால் இருக்கும் விசிறியின் இறக்கையே தெரியும். அங்கேதான் சந்தேகம் கிளம்புகிறது. இது ரேடியேட்டர், உள்ளே பல லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்கிறார்கள். முன்னால் பார்த்தால் பின்னால் தெரிகிறதே, அந்தத் தண்ணீர் எங்கே நிற்கிறது?

இன்றைய ரேடியேட்டரைப் பிரித்துப் பார்த்தவர்கள், குழாய்க்குள் தண்ணீர், வெளியே காற்று என்று சொல்வார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். நாம் எட்டிப் பார்த்த ஒவ்வோர் அறையும் ஒரு குழாயின் வாய். அதற்குள் ஓடுவது காற்று. தண்ணீர் அந்தக் குழாய்களுக்கு வெளியே, ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவே உள்ள ஒரு மில்லிமீட்டர் இடுக்கில் இறங்குகிறது. முனைகளில் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் அந்த இடுக்கு வெளியிலிருந்து கண்ணில் படுவதில்லை.

பழைய வண்டியை மீட்டெடுக்கும் ஒருவருக்கு, தேன்கூடு போன்ற இந்த வகை ரேடியேட்டர் போய்விட்டால், புதிதாகக் கடையில் வாங்க வழியில்லை. குழாய் குழாயாகக் கையால்தான் செய்தாக வேண்டும். அதைச் செய்து பார்க்கும்போதுதான் அதன் அறிவியலும் புரிகிறது. தேன்கூட்டு ரேடியேட்டரின் உழைப்பு முழுவதும் குழாயில் இல்லை, இடுக்கில் இருக்கிறது. இடுக்கைச் சீராக வைப்பது, அதன் இரு பக்கங்களையும் மூடுவது, பின்பு அதை அடைபடாமல் காப்பது ஆகியவைதான் இந்த அத்தியாயத்தின் கதை.

மணிக்கு நாற்பது லிட்டர்

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. தோராயமாக ஒரு பங்கு சக்கரத்துக்கு, ஒரு பங்கு புகையோடு வெளியே, ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாகத் தண்ணீருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 35 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் உழைத்தால், ஏறத்தாழ அதே அளவு, 26 கிலோவாட் வெப்பம், தண்ணீரில் இறங்குகிறது. ஒரு கிலோவாட் மின் அடுப்புகள் இருபத்தாறை ஒரே வாளிக்குள் போட்ட கணக்கு இது.

தொடக்க கால வண்டிகளில் இதைச் சமாளித்த வழி எளிமையானது: தண்ணீரைக் கொதித்துப் போகவிடுவது. கார்ல் பென்ஸ் 1886 இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டி அப்படித்தான் குளிர்ந்தது. தண்ணீர் ஆவியாகும்போது சூடு ஏறாமலேயே நிறைய வெப்பத்தை விழுங்குகிறது. பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியாக ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வேண்டும். பென்ஸ் வண்டியின் எஞ்சின் ஒரு குதிரைத்திறனைக்கூட எட்டாதது. ஆகவே வழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால் போதும். 1888 இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இரு மகன்களுடன் ஓட்டிச் சென்றபோது வழிநெடுகத் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டேதான் போனார்.

இதே முறையை 35 குதிரைத்திறனுக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 26 கிலோஜூல் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால், கொதித்துப் போகும் தண்ணீர் நாற்பது லிட்டருக்கு மேல். வண்டி பெட்ரோலைவிட அதிகமாகத் தண்ணீரைச் சுமக்க வேண்டியிருக்கும். எஞ்சின் பெரிதாகப் பெரிதாக, தண்ணீரைச் செலவழிக்காமல் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பக் குளிர்விப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

காற்றுக்குக் கொள்ளளவு குறைவு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் 4.2 கிலோஜூல் வெளியே வரும். அதை வாங்கிக்கொண்டு தானும் ஒரு டிகிரி மட்டும் சூடேற, காற்று 3,500 லிட்டர் வேண்டும். கேட்கப் பயமாக இருந்தாலும், காற்றின் அளவு உண்மையில் பெரிய சிக்கல் இல்லை. ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 40 டிகிரி சூடேறுவதாக வைத்துக்கொண்டால், 26 கிலோவாட்டுக்கு நொடிக்கு அரை கன மீட்டர் காற்று போதும். ஓடும் வண்டிக்கு அது சாதாரணம்.

உண்மையான சிக்கல் தொடர்பில் இருக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடான உலோகத்தை ஒட்டிப் போகும் மெல்லிய அடுக்கு சூடாகிவிடும், சற்றுத் தள்ளிப் போகும் காற்று எதுவும் அறியாமல் கடந்துவிடும். பெரிய தொட்டி ஒன்றை வண்டியின் முன்னால் கட்டி வைத்தால் அதன் மேல் எவ்வளவு காற்று வீசினாலும் பயன் குறைவு என்பது இதனால்தான். வீசும் காற்றின் ஒவ்வொரு துளியும் சூடான உலோகத்துக்கு மிக அருகில் வந்தே போக வேண்டும். அதற்கு ஒரே வழி, காற்றைச் சிறு சிறு வாய்க்கால்களாகப் பிரிப்பது. வாய்க்கால் எவ்வளவு குறுகலோ அவ்வளவுக்குச் சுவரின் மொத்தப் பரப்பு கூடும்.

கான்ஸ்டாட், 1900

இதைச் செய்து காட்டியவர் வில்ஹெல்ம் மைபாக். ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய கான்ஸ்டாட்டில் இருந்த டைம்லர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர். 1897 இல் அவர் உருவாக்கிய ரேடியேட்டரிலேயே தண்ணீருக்குள் பல வட்டக் குழாய்கள் குறுக்கே போய் அவற்றுக்குள் காற்று ஓடியது. ஆனால் வட்டக் குழாய்களை அருகருகே வைத்தால் நடுவில் மிஞ்சும் இடம் சீராக இருப்பதில்லை. குழாய்கள் நெருங்கும் இடத்தில் மிகக் குறுகலாகவும், மூலைகளில் பையைப்போல் அகலமாகவும் இருக்கும். அந்தப் பைகளில் நிற்கும் தண்ணீர் எடையைக் கூட்டுமே தவிர வேகமாகக் குளிராது.

1900 இல் அவர் குழாயைச் சதுரமாக்கினார். 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் அளவுள்ள 8,070 குழாய்களை ஒன்றாக இணைத்தார். சதுரங்களை அருகருகே வைத்தால் இடுக்கு எங்கும் ஒரே அகலத்தில், மெல்லிய தாளைப்போல் வரும். குழாயின் எந்த இடத்தில் போகும் காற்றும் சுவரிலிருந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகாது. அதுவரை 18 லிட்டர் தேவைப்பட்ட தண்ணீர் 9 லிட்டராகக் குறைந்தது. மலை ஏற்றத்தில் வண்டி மெல்ல ஊர்ந்தாலும் எஞ்சின் முழு மூச்சாக உழைக்கும், எதிர்க்காற்றோ குறைவாக இருக்கும். அந்த நேரத்துக்காகப் பின்னால் ஒரு விசிறியையும் வைத்தார்.

அந்த ரேடியேட்டரைத் தாங்கிய வண்டி, எமில் யெல்லினெக் என்ற வணிகர் கேட்டுச் செய்த மெர்சிடஸ் 35 குதிரைத்திறன் கார். பெயர் அவருடைய மகளுடையது. 1901 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் அது மற்ற வண்டிகளைப் பின்தள்ளியது. தண்ணீர் சுமை பாதியானதும், எஞ்சின் சூட்டுக்குப் பயப்படாமல் உழைத்ததும் அதற்குக் காரணங்களில் சில. அடுத்த சில ஆண்டுகளில் பல நிறுவனங்கள் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டன. முதல் உலகப் போரின் விமானங்கள் பலவற்றிலும் இது ஏறியது.

ஆறு பக்கம் ஏன்?

சதுரக் குழாய் அழகான விடை, ஆனால் செய்வது கடினம். பின்னால் வந்த பலர் வேறொரு வழியில் போனார்கள். குழாயை வட்டமாகவே விட்டுவிட்டு, இரு முனைகளை மட்டும் அகட்டினார்கள். அகட்டிய முனைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், நடுப்பகுதிகள் தொடாது. முனையில் மூடல், நடுவில் இடுக்கு, இரண்டும் ஒரே குழாயிலிருந்து கிடைத்துவிடும். தனியாக ஒரு தகட்டில் துளையிட்டுக் குழாய்களைச் செருக வேண்டியதில்லை. முனைகளே சேர்ந்து சுவராகின்றன.

முனையை எந்த வடிவத்துக்கு அகட்டுவது? இடைவெளியில்லாமல் தளத்தை நிரப்பக்கூடிய ஒழுங்கான வடிவங்கள் மூன்றுதான்: முக்கோணம், சதுரம், அறுகோணம். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 31.4 மில்லிமீட்டர். அதைச் சுற்றிச் சரியாகப் பொருந்தும் முக்கோணத்தின் சுற்றளவு 52, சதுரத்துடையது 40, அறுகோணத்துடையது 34.6. உலோகத்தை இழுத்துத்தான் அந்த நீளத்தைப் பெற வேண்டும். முக்கோணம் கேட்டால் தகடு கிழியும். அறுகோணமோ பத்து சதவீத இழுப்போடு விட்டுவிடுகிறது. வட்டத்துக்கு மிக நெருக்கமாக இருந்துகொண்டே இடைவெளியின்றிப் பொருந்தும் வடிவம் என்பதால்தான் பட்டறைகள் அறுகோணத்தைத் தேர்ந்தன.

ஒரு ரேடியேட்டரைக் கணக்குப் பார்ப்போம்

1910களின் பெரிய கார் ஒன்றுக்கு, 50 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரத்தில் நடுப்பகுதி ஒன்றைக் கையால் செய்வதாக வைத்துக்கொள்வோம். குழாய் 9 மில்லிமீட்டர் விட்டம், 10 செ.மீ. நீளம், தகட்டின் கனம் 0.2 மில்லிமீட்டர். இரு முனைகளிலும் 5 மில்லிமீட்டர் நீளத்துக்கு, எதிர்ப் பக்கங்களுக்கிடையே 10 மில்லிமீட்டர் வரும் அறுகோணம். குழாய்களுக்கு நடுவே கிடைக்கும் இடுக்கு ஒரு மில்லிமீட்டர்.

வரிசைக்கு 50 குழாய். அறுகோணங்கள் ஒன்றின் இடைவெளியில் ஒன்று இறங்கி அமர்வதால் 60 செ.மீ. உயரத்துக்கு 69 வரிசை. ஆக 3,450 குழாய்கள், 6,900 முனைகள். பித்தளையின் எடை மட்டும் 16 கிலோவுக்கு மேல்.

முகத்தின் பரப்பு 0.3 சதுர மீட்டர். தண்ணீர் நனைக்கும் குழாய்ப் பரப்பைக் கூட்டினால் ஏறக்குறைய 8.8 சதுர மீட்டர். கிட்டத்தட்ட முப்பது மடங்கு. ஒரு நடுத்தர அறையின் தரை முழுவதையும் மடித்து வண்டியின் முகத்துக்குள் வைத்தாகிவிட்டது. இடுக்குகளில் நிற்கும் தண்ணீர் 7 லிட்டர்.

இனி மூட வேண்டிய இடங்களை எண்ணுவோம். ஒவ்வோர் அறுகோணமும் ஆறு அண்டை முனைகளைத் தொடுகிறது. ஒவ்வொரு தொடுகோட்டையும் இரண்டு குழாய்கள் பங்கிட்டுக்கொள்வதால் குழாய்க்கு மூன்று கோடு. முன்னும் பின்னும் சேர்த்து 20,700 கோடுகள். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் 120 மீட்டர். ஒரு ரேடியேட்டருக்குள் 120 மீட்டர் நீளத் தையல், அதில் ஓர் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது. ஆயிரத்துக்கு ஒரு கோடு பழுதானாலே இருபது இடத்தில் ஒழுகும். கைவினைஞரின் கவலை ஏன் முனைகளிலேயே குவிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

முனையை அகட்டுதல்

9 மில்லிமீட்டர் வட்டத்தின் சுற்றளவு 28.3. அதை 34.6க்குக் கொண்டுபோக வேண்டும். இருபத்திரண்டு சதவீத இழுப்பு. குழாயாக இழுத்து வந்த பித்தளை கெட்டியாக இருக்கும், இந்த இழுப்புக்கு விரிசல் விடும். எனவே முதலில் முனையைச் சூடாக்கி ஆறவிட வேண்டும். காய்ச்சி ஆற்றுதல் என்று இதைச் சொல்லலாம். இழுத்து நசுங்கிய உலோகத்தின் நுண்படிகங்கள் அந்தச் சூட்டில் புதிதாக அமைந்துகொள்கின்றன. அப்படிக் காய்ச்சிய பித்தளை கிழியாமல் ஐம்பது சதவீதத்துக்கு மேலும் நீளும்.

பிறகு அகட்டும் அச்சு. கடினமாக்கிய எஃகுத் தண்டு, நுனியில் வட்டமாகத் தொடங்கி மேலே போகப் போக அறுகோணமாக மாறும். குழாயின் வெளியே அறுகோண வாயுள்ள ஒரு பிடி. தண்டு உள்ளே இறங்கும்போது குழாயின் வாய் பிடியின் சுவரில் அழுந்தி வடிவம் பெறும். தண்டை எடுத்ததும் உலோகம் இம்மியளவு பின்வாங்கும். அதைக் கணக்கிட்டுத் தண்டைச் சற்றுப் பெரிதாகக் கடைய வேண்டும். சற்று என்றால் எவ்வளவு? ஒரு முனைக்கு 0.05 மில்லிமீட்டர் பிசகினால் ஐம்பது குழாய் வரிசையில் அது 2.5 மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். சட்டத்துக்குள் வரிசை அடங்காது, அல்லது ஆடும்.

இன்னொரு பொறி, இரு முனைகளின் திசை. முன்முனை அறுகோணத்துக்கும் பின்முனை அறுகோணத்துக்கும் நடுவே ஒரு சிறு திருக்கு இருந்தால், முன்பக்கம் சரியாகப் பொருந்தும் குழாய் பின்பக்கம் முட்டும். அதனால் குழாயைப் படுக்கவைத்து, எதிரெதிரே இரண்டு தண்டுகளால் இரு முனைகளையும் ஒரே அழுத்தில் அகட்டுவது பாதுகாப்பான வழி.

அகட்டிய பிறகும் பித்தளையை அப்படியே விடக்கூடாது. இழுத்த உலோகத்துக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அந்த இறுக்கமும் ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் பித்தளை தானாகவே வெடிப்பு விடும். இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் இப்படிப் பிளந்தன. குதிரை லாயங்களின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம். மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921 இல் இந்த வகை வெடிப்பை விளக்கினார்கள். மருந்து எளியது: அகட்டிய குழாய்களை மறுபடியும் மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது.

அடுக்கும் கலை

குழாய்களை அடுக்க ஓர் எஃகுச் சட்டம் வேண்டும். மூன்று பக்கம் அசையாதது, நான்காவது பக்கம் திருகால் நெருக்கக்கூடியது. அறுகோணத்தின் கூர்முனை மேல்நோக்கி இருக்கும்படி அடுக்குவார்கள். அப்போது மேலிருந்து இறங்கும் தண்ணீர் ஒவ்வொரு வரிசையிலும் நேரே ஒரு குழாயின் முதுகில் விழுந்து, இரண்டாகப் பிரிந்து, கீழே வேறொரு கிளையோடு சேரும். 69 வரிசையைக் கடப்பதற்குள் பிரிவதும் சேர்வதுமாக அது நன்றாகக் கலங்கிவிடும். சுவரை ஒட்டிய தண்ணீர் குளிர்ந்து, நடுவில் இருப்பது சூடாகவே கீழே போய்விடும் நிலை வராது.

பக்கவாட்டில் அறுகோணங்களின் விளிம்பு பல்போல் வெளியே நிற்கும். அந்தப் பாதி இடங்களை அதே வடிவத்தில் மடித்த தகட்டுப் பட்டையால் நிரப்ப வேண்டும். மேலும் கீழும் இடுக்குகள் திறந்தே இருக்கும். மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் அவற்றின் வழியே இறங்கிக் கீழ்த் தொட்டியில் சேரும். எல்லா முனைகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்பதைக் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு குழாய் அதிகம் உள்வாங்கினால் அடுத்த கட்டத்தில் அதன் முனை ஈயத்தில் போதிய ஆழத்துக்கு இறங்காது.

ஈயக் குளியல்

வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் நவச்சாரப் பொடியைத் தூவித் துணியால் தேய்ப்பார். கறுத்த பரப்பு பளிச்சென்று வெளுக்கும், உடனே ஈயம் வழுக்கிக்கொண்டு பரவும். உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடு படலத்தை நவச்சாரம் கரைத்து எடுப்பதால்தான் ஈயம் பிடிக்கிறது. இந்த வேலையைச் செய்யும் பொருள்களுக்கு இளக்கி என்று பெயர். ரேடியேட்டரிலும் நடப்பது இதே வேதியியல். இங்கே துத்தநாக குளோரைடும் நவச்சாரமும் கலந்த கரைசல் இளக்கியாகிறது. பிடிக்கும் ஈயம், வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை. தனி வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், தனி காரீயம் 327 டிகிரியில். 63க்கு 37 என்ற விகிதத்தில் சேர்த்தாலோ 183 டிகிரியிலேயே உருகிவிடும்.

முனைகளில் மட்டும் இளக்கியைத் தடவி, முழுவதையும் நன்றாக உலர்த்தி, முன்கூட்டிச் சூடாக்கி, உருகிய ஈயத்தில் 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு முகத்தை அமிழ்த்துகிறார்கள். உலர்த்துவது ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு துளி ஈரம் இருந்தாலும் உருகிய ஈயத்துக்குள் அது நீராவியாகச் சீறி ஈயத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். கண்ணாடி, கையுறை, காற்றோட்டம் எல்லாம் இந்த வேலையின் பகுதிதான்.

அமிழ்த்தியதும் ஈயம் தானே மேலேறுகிறது. மண்ணெண்ணெய் திரியில் ஏறுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான், அதாவது நுண்புழை ஏற்றம்: குறுகிய இடத்தில் திரவம் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறுவது. இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவான இழுப்பு. இரண்டு அறுகோணப் பக்கங்களுக்கு நடுவே ஒரு முடியின் பருமனளவே இடம் இருப்பதால் ஈயம் பாய்ந்து நிரப்பிவிடும். அறுகோணம் முடிந்து வட்டம் தொடங்கும் தோளில் இடைவெளி பத்து மடங்கு விரிகிறது, இழுப்பும் பத்தில் ஒன்றாகிறது. அதற்கு மேலே இளக்கியும் இல்லை, சூடும் குறைவு. ஆகவே ஈயம் அங்கேயே நின்றுவிடும். இடுக்குக்குள் ஈயம் புகுந்து தண்ணீரின் பாதையை அடைக்காமல் இருப்பது இதனால்தான். முனைகள் தளர்வாக அடுக்கப்பட்டிருந்தால் இந்த ஏற்பாடே குலைந்துபோகும். அகட்டும்போது காட்டிய துல்லியத்துக்கு ஈயம் இங்கே கூலி தருகிறது.

சிறு பட்டறைக்கு இதில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. 50க்கு 60 செ.மீ. முகம் இறங்கக்கூடிய தட்டில் மூன்று செ.மீ. ஆழத்துக்கு ஈயம் நிரப்பவே 80 கிலோ வேண்டும். அத்தனையும் ஒரே சூட்டில் நிற்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் நடுப்பகுதியைச் சிறு கட்டிகளாகப் பிரித்து அமிழ்த்திப் பிறகு இணைப்பதுண்டு. ஒரு முகம் முடிந்து திருப்பி மறுமுகத்தை அமிழ்த்தும்போது முதல் முகம் உருகிவிடாதா என்று கேட்கலாம். அமிழ்த்துவது கொஞ்ச நேரம்தான். அதோடு குழாயின் தகடு மிக மெல்லியது, பித்தளை வழியே 10 செ.மீ. தூரத்துக்குச் சூடு மெதுவாகவே ஊர்கிறது.

கடைசியில் இளக்கியை வெந்நீரால் பலமுறை கழுவி எடுக்க வேண்டும். மிஞ்சிய உப்பு, முனைகளைத் தின்றுவிடும்.

பித்தளையா, செம்பா?

செம்பு பித்தளையைவிட மூன்று மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அப்படியானால் செம்பில் செய்தால் ரேடியேட்டர் இன்னும் நன்றாகக் குளிருமே? நம் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். 26 கிலோவாட் 8.8 சதுர மீட்டரில் பரவுகிறது. அந்த வெப்பத்தை 0.2 மில்லிமீட்டர் பித்தளைச் சுவர் வழியே தள்ள, சுவரின் இரு பக்கத்துக்கும் நடுவே வேண்டிய வெப்பநிலை வேறுபாடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அதே வெப்பத்தைச் சுவரிலிருந்து காற்றுக்குத் தள்ளுவதற்கோ பத்துக்கணக்கான டிகிரிகள் வேண்டும். தடை முழுவதும் காற்றின் பக்கம் இருக்கிறது. உலோகத்தை மாற்றினால் கிடைப்பது ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு டிகிரிதான். ஆகவே உலோகத்தைத் தேர்வது குளிர்ச்சியை வைத்து அல்ல, எது நன்றாக அகலும், எது ஈயத்தைப் பிடிக்கும், எது நெளியாமல் நிற்கும் என்பதை வைத்து.

சோதனையும் பராமரிப்பும்

தொட்டிகளைப் பொருத்தியதும் திறப்புகளை மூடி, இலேசான காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீரில் முழுக்கிப் பார்க்கிறார்கள். குமிழி வரும் இடத்தில் குறி. தையலில் ஒழுகினால் அங்கே மட்டும் ஈயம் தொட்டால் போதும். குழாயின் சுவரிலேயே ஓட்டை இருந்தால், அந்தக் குழாயின் இரு வாய்களையும் அடைத்துவிடலாம். 3,450இல் ஒன்று போனால் குளிர்ச்சியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அழுத்தம் இலேசாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்து வண்டிகளின் தண்ணீர் அமைப்பு வெளிக்காற்றுக்குத் திறந்தது. 60 செ.மீ. உயரத் தண்ணீர் அடியில் தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஆறு பங்குதான். நவீன காரின் மூடி தாங்கிப் பிடிப்பதோ ஏறக்குறைய ஒரு முழு வளிமண்டல அழுத்தம். அந்த மூடியைக் கொண்டுவந்து இங்கே போட்டால் தொட்டியின் தட்டைப் பக்கங்கள் புடைத்துத் தையல்கள் பிரியும்.

அடுத்த எதிரி உப்புநீர். கடின நீர் சூடேறும்போது சுண்ணாம்பு படியும். அரை மில்லிமீட்டர் சுண்ணாம்புப் படலம் வெப்பத்தைத் தடுப்பது பெரிய அளவில் இல்லை, ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் இடுக்கின் இரு சுவரிலும் அரை மில்லிமீட்டர் படிந்தால் இடுக்கே இல்லை. மூன்று குழாய்கள் சந்திக்கும் மூலைகளில் மட்டும் தண்ணீர் கசிந்து இறங்கும். வண்டி கொதிக்கத் தொடங்கும். உப்பு குறைந்த தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே. குளிர் நாடுகளில் இன்னொன்றும் உண்டு. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரியும், இடுக்கில் விரிய இடமில்லை. உறைதடுப்பு நீர்மங்கள் பரவலாவதற்கு முன் ஐரோப்பிய ஓட்டுநர்கள் குளிர்கால இரவுகளில் ரேடியேட்டரைக் காலி செய்துவைத்தது இதற்காகத்தான்.

ஏன் கைவிட்டார்கள்?

இவ்வளவு நேர்த்தியான அமைப்பு ஏன் சாதாரணக் கார்களிலிருந்து விலகியது என்பதற்கும் அதே 120 மீட்டரில் விடை இருக்கிறது. தேன்கூட்டில் ஒரே குழாய்ச் சுவர் இரண்டு வேலை செய்கிறது: தண்ணீரை அடைத்துவைக்கிறது, காற்றுக்குப் பரப்பும் தருகிறது. பரப்பைக் கூட்டினால் தையலும் கூடவே கூடும். பின்னால் வந்த வடிவத்தில் அந்த இரண்டு வேலைகளும் பிரிந்தன. தண்ணீர் சில தட்டைக் குழாய்களுக்குள் போனது. காற்றுக்கு வேண்டிய பரப்பை, அந்தக் குழாய்களில் ஒட்டிய மெல்லிய தகட்டு இறக்கைகள் தந்தன. இறக்கை தண்ணீரைத் தொடுவதில்லை. அதில் ஓட்டை விழுந்தாலும் எதுவும் ஒழுகாது. அதை இயந்திரம் மடித்துத் தள்ளிக்கொண்டே போகலாம். மூட வேண்டிய தையல் சில மீட்டராகச் சுருங்கியது, அழுத்தமும் தாங்கியது. தண்ணீர் அழுத்தத்தில் இருந்தால் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காது. அதனால் இன்னும் சிறிய ரேடியேட்டரே போதும் என்றாயிற்று.

ஆனால் அங்கும் மைபாக்கின் பாடம் மாறவில்லை. காற்றைச் சிறு வாய்க்கால்களாகப் பிரி, தண்ணீரை மெல்லியதாகப் பரப்பு. இன்று அறைக் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியும் கணினியின் வெப்பத் தகடும் இதில் முதல் பாதியையாவது கடைப்பிடிக்கின்றன. வேறுபாடு ஒன்றுதான்: அவற்றில் ஒரு தகடு வளைந்தால் யாரும் கவலைப்படுவதில்லை, கையால் செய்த தேன்கூட்டிலோ ஒவ்வொரு முனைக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.